சோதிக்காமல் விட்ட பாதி

கம்ப்யூட்டரை நகரிக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது வரலட்சுமிதான். அதனால் பின்னால் யார்மேலும் கோபப்பட அவளுக்கு இடமில்லாமல் போயிற்று.

1997 புரட்டாசி. திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு வீட்டு மாடியில் திரிபுஜா கம்பெனி இருந்தது. திரிபுஜம் என்றால் தெலுங்கில் முக்கோணம். கம்ப்யூட்டர் திரையில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சிப் செய்யும் கம்பெனி. கலிஃபோர்னியாவில் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சித்தூர்க்காரர் சுரேஷ்பாபு ஆரம்பித்தது. அவர்கள் செய்த முதல் சிப் கோடும் எழுத்தும் மட்டும் வரைந்தது. பஸ் வரும் நேரம் காட்டும் டிவிப் பெட்டிகளுக்கு அதைக் கொஞ்சம் விற்றார்கள். மாடியில் மூன்று பேர் பதினொரு பேரானார்கள்.

இரண்டாவது சிப் பெரிய ஆசை. வீடு, கார், மனித முகம் என்று எதையும் முன்னும் பின்னும் தெரிய, திருப்பித் திருப்பி வரையவேண்டும். எந்த உருவமானாலும் சிப் அதைப் பொடி முக்கோணங்களாக வெட்டித்தான் வரையும். ஒரு முக்கோணத்தின் ஓரம் எந்தெந்தப் புள்ளியில் விழுகிறது என்று கணக்கிடும் பகுதி வரலட்சுமி செய்தது. இரண்டு முக்கோணம் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் எது முன்னால், எது பின்னால் என்று முடிவுசெய்யும் பகுதி தமிழரசு செய்தது. தமிழரசு ஆடி மாதமே ஹைதராபாத் ஏஜெண்ட் ஒருவன் மூலமாக அமெரிக்கா போய்விட்டான். போய்ச் சேர்ந்ததும் ஒரே வரியில் ஒரு ஈமெயில் அனுப்பினான்: "வந்துடு வரலட்சுமி, இங்க கரண்டே போகமாட்டேங்குது, போர் அடிக்குது."

அவள் சிரித்தாள். பதில் போடவில்லை. அதே ஏஜெண்ட் அவளையும் இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். இந்தச் சிப் முடியட்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்த வீட்டாரிடமும் அதையே சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் தள்ளிப்போட முடிந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. ஆனால் அந்தச் சௌகரியமே இப்போது கழுத்தில் கனத்தது.

சிப்பைத் தைவானில்தான் செய்து தருவார்கள். ஒரே ஒரு முறை செய்துபார்க்கத்தான் கையில் பணம். தப்பாக வந்தால் கம்பெனியை மூடவேண்டியதுதான். கலிஃபோர்னியாவில், கம்ப்யூட்டரில் செருகும் கார்டு தயாரிக்கும் ஒரு கம்பெனி, ஜனவரிக்குள் மாதிரி கிடைத்தால் வாங்குகிறோம் என்று சொல்லியிருந்தது. அதற்கு விஜயதசமிக்கு மறுநாள் டிசைன் டேப் மெட்ராஸிலிருந்து கூரியரில் கிளம்பியாகவேண்டும். அதற்குமுன் ஒரு கடைசிச் சோதனை. காகிதத்தில் இருக்கும் சிப்பைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடவிட்டு, லட்சக்கணக்கான முக்கோணங்களைக் கொடுத்து, புள்ளிகள் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பது. முழுதாக ஓட இரண்டு நாள் பிடிக்கும். முடிவில்தான் விடை சொல்லும். நடுவில் மெஷின் நின்றால் ஒன்றும் மிஞ்சாது.

திருப்பதியில் அது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓடியதே இல்லை. கரண்ட் காலையிலும் போகும், சாயங்காலமும் போகும். யூபிஎஸ் அரை மணி தாங்கும். மூன்று முறை ஓடவிட்டு மூன்று முறையும் பாதியில் செத்தது. சுரேஷ்பாபு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "எங்க ஷெட்ல ஜெனரேட்டர் கீது சார். ஆயுத பூஜைக்கு மொத நாளே தறி எல்லாம் நிறுத்தி தொடச்சு வெச்சிடுவாங்க. லோடே இருக்காது."

நகரியில் அவள் அப்பா செங்கல்வராயனுக்கு எட்டு விசைத்தறி. தறி ஓடும்போது வோல்டேஜ் குதிக்கும், கம்ப்யூட்டர் தாங்காது. தறி நிற்கிற பண்டிகை நாள் என்றால் ஷெட் மொத்தமும் அவளுக்குத்தான். யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு சுமோ பிடித்து, மெஷினைப் பழைய மெத்தையில் சுற்றி, புத்தூர் வழியாகக் கொண்டுபோனார்கள்.

ஷெட்டின் மூலையில் பஞ்சுத் தூசியைத் துடைத்துவிட்டு அவள் மெஷினை வைத்தபோது தறிக்காரர் முனியப்பன் வந்து எட்டிப்பார்த்தார்.

"இன்னா பாப்பா, டிவியா? படம் எப்போ போடுவே?"

"படம் வராது அண்ணா. கணக்குதான் ஓடும்."

"கணக்குக்கா இத்தாம் பெரிய பொட்டி! உங்க நைனா கணக்கெல்லாம் பீடிக்கட்டு பின்னாடிதான் போடறாரு."

கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தட்டிவிடுவது முனியப்பன் வேலை என்று பேசிவைத்தாள். முதல் நாளும் அன்றிரவும் அவள் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை கரண்ட் போயிற்று. இரண்டு முறையும் யூபிஎஸ் கத்தி முடிவதற்குள் முனியப்பன் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். பூஜை அன்று காலை, எல்லாம் சரியாகப் போகிறது என்ற நிம்மதியில், வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். எழுந்தபோது சாயங்காலம்.

ஷெட்டில் கற்பூர வாசனை. எட்டுத் தறிக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். மூலையில் கம்ப்யூட்டருக்கும் அதே சந்தனம், குங்குமம், சரம். திரை கறுப்பாக இருந்தது.

அம்மா சந்திரம்மா பொரித் தட்டோடு வந்தாள். "எழுந்துட்டியா? இந்தா, துன்னு."

"அம்மா, இத யாரு நிறுத்தினது?"

"நாந்தான் மெயின எறக்கச் சொன்னேன். ஓடற மிசினுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களாடி? எல்லாத்துக்கும் இன்னிக்கு ஒரு நாள்தான் ஓய்வு. உன்னுத மட்டும் விடிய விடிய ஓட்டிக்கினு கீறே."

முனியப்பன் சொன்னார்: "எறக்கனதும் அந்த யூபிஎஸ்ஸு கீச்சு கீச்சுன்னு கத்திச்சு பாப்பா. கரண்ட் போனாத்தானே ஜெனரேட்டர் போடணும்? இது நாமளா எறக்கனது. பூஜை முடியற வரைக்கும் கத்திக்கினே இருந்துச்சு, அப்பறமா அதுவே அடங்கிப்போச்சு."

அன்றிரவோடு முடிந்திருக்கவேண்டிய ஓட்டம். வரலட்சுமி தறிப் பலகைமேல் உட்கார்ந்தாள். கத்தவேண்டும் என்று தோன்றியது. யாரைப் பார்த்துக் கத்துவது? மெஷினெல்லாம் நிற்கும் என்பதற்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்தவள் அவள். மெஷினெல்லாம் ஏன் நிற்கிறது என்பதை மட்டும் நினைக்கவில்லை. சின்ன வயதில் அவளே அம்மா பின்னால் குங்குமக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தறி தறியாகப் போயிருக்கிறாள். எந்த வருடம் அதை மறந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

அம்மாவுக்கு மெல்லத்தான் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தாள். "கெட்டுப்போச்சா?"

"மொதல்லேர்ந்து ஓட்டணும்."

"எத்தினி நேரம்?"

"ரெண்டு நாளு."

எஸ்டிடி பூத்திலிருந்து சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். பூத்துக்காரன் மீட்டரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

கடைசியில் அவர் சொன்னார்: "எங்க அம்மா கூட அதே செய்திருப்பாங்க. சரே. இப்ப என்ன முடியும், அத செய்."

முடிந்தது ஒரு நாள்தான். தீபாவளிக்கு லுங்கி ஆர்டர் இருந்தது. தறி நின்றால் எட்டு வீட்டில் தீபாவளி நிற்கும். தறியை நிறுத்துங்கள் என்று அவள் அப்பாவிடம் கேட்கவே இல்லை. அவர்தான், சாப்பிட்டுக் கை கழுவியபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்கு விஜயதசமி. காலையில சாமி கும்புட்டு ஒரு நாழி தறி ஓட்டுவோம். அப்பறம் எட்டுத் தறிக்கும் பாவு பிணைச்சிடறோம், எப்படியும் பிணைக்க வேண்டியதுதான். பிணைக்கிற வரைக்கும் தறி ஓடாது. அடுத்த நாளு காலையில ஆறு மணிக்கு ஓட்டியாகணும் வரலட்சுமி. அதுக்கு மேல என்னால ஆவாது."

"போதும் நைனா."

போதாது. ஒரு பகல், ஒரு இரவு. இரண்டு பகுதியில் ஒன்றைத்தான் சோதிக்கலாம்.

மறுநாள் காலை தறிகள் கொஞ்ச நேரம் ஓடி நின்றபின், ஆட்கள் குந்தி உட்கார்ந்து புதுப் பாவின் இழையைப் பழைய பாவின் இழையோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கத் தொடங்கினார்கள். அவள் திரைமுன் உட்கார்ந்தாள். தமிழரசு பகுதியா, தன் பகுதியா? யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழரசு கடைசி மாதம் மனசு இங்கே இல்லாமல் வேலை செய்தவன். விசா வந்த அன்று அவன் எழுதிய டிசைன் வரிகளையும் அவள் பார்த்திருக்கிறாள். தன்னுடையதை அவள் ஒவ்வொரு வரியாக அறிவாள். கண்ணை மூடினாலும் தெரியும். தமிழரசுவினுடையதையே ஓடவிட்டாள்.

விடியும்போது அது முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. அவன்மேல் சந்தேகப்பட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆறு மணிக்குத் தறிகள் எழுப்பிய சத்தத்தில் சுமோ கிளம்பியது. டேப் மெட்ராஸ் போயிற்று.

அதன்பின் மூன்று மாதம் காத்திருப்பு. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா மட்டும் போன் செய்யும்போதெல்லாம், "அந்த சிப்பு வந்துச்சாடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

பொங்கல் கழிந்து சிப் வந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கார்டில் வைத்து, மெஷினில் செருகி, திரையைப் போட்டார்கள். சிவப்புக் கனசதுரம் ஒன்று தோன்றி மெதுவாகச் சுழன்றது. மாடியில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். சுரேஷ்பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வரலட்சுமி கை தட்டவில்லை. கனசதுரம் ஒரு பக்கம் சாயும்போது, இரண்டு முக்கோணம் சேர்கிற இடத்தில், முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்து மறைந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் தெரிந்தது. இரண்டு முக்கோணமுமே தன்னுடையதில்லை என்று விட்டுவிட்ட புள்ளிகள்.

கொஞ்ச நேரத்தில் சுரேஷ்பாபுவும் பார்த்தார். கை தட்டல் தானாக அடங்கியது.

"தமிழரசு பார்ட்டா?" என்றார்.

"இல்ல சார். அது சரியா இருக்கு. ஓரம் என்னுது."

கனசதுரம் சுழன்றுகொண்டே இருந்தது. நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சாஃப்ட்வேர்ல மறைக்கமுடியுமா?" என்றார் சுரேஷ்பாபு.

"ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு சொட்டு பெருசா வரையச் சொல்லலாம். கோடு போயிடும். வேகம் குறையும்."

அப்படியே செய்தார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் வேகம் குறைவு என்றார்கள், விலையைக் குறைத்தார்கள், வாங்கினார்கள். கோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பெனி மூடவில்லை. பங்குனியில் கீழ்வீட்டையும் வாடகைக்கு எடுத்து, நடுச்சுவரை இடித்தார்கள். வேங்கடேஸ்வரா யுனிவர்சிட்டியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து சுரேஷ்பாபுவைப் படம் பிடித்துப் போனார்.

அம்மாவிடம் சிப் ஓடுகிறது என்று சொன்னாள். "என்னால ஒண்ணும் ஆவலியே?" என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா" என்றாள். முழுசாக ஓடியிருந்தால் அந்தக் கோடு அகப்பட்டிருக்கும். ஆனால் கிடைத்த அரை ஓட்டத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானித்தது அம்மா இல்லை.

அமெரிக்கா ஏஜெண்ட் மறுபடி கூப்பிட்டான். அவள் போகவில்லை. போக விருப்பமில்லை என்பதல்ல. சரியாக வராத ஒன்றை விட்டுவிட்டுப் போவதற்கு வேண்டிய தெம்பு உடம்பில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த சிப்புக்கான வேலையைப் பிரிக்கும்போது சுரேஷ்பாபு ஓரக் கணக்கை மறுபடி அவளுக்கே கொடுத்தார்.

"செய்யறேன் சார். ஆனா அத நான் சோதிக்கமாட்டேன். வேற ஆளு சோதிக்கணும்."

"யாரு? இங்க எல்லாரும் உனக்கு பயப்படறாங்க அம்மா. நீ சைலண்ட்டா பாத்தாலே போதும்."

புதிதாக வந்தவர்களில் சத்தியவேட்டுப் பெண் ஒருத்தி, ரோஜா. சேர்ந்த முதல் வாரமே மெஸ்காரரிடம், "சாம்பார்ல உப்பு நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல, நாளைக்காவது வாங்கிட்டு வருவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள். வரலட்சுமி அவள் பெயரைச் சொன்னாள்.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம் ரோஜா வந்து மேசை அருகே நின்றாள். கையில் பேனா மட்டும்.

"மேடம், ஓரக் கணக்குல ரவுண்டு பண்றீங்க இல்ல, அந்த எடத்துல தப்பா கீது."

வரலட்சுமிக்குச் சட்டென்று முகம் சூடாயிற்று. அந்த இடத்தை அவள் நான்கு முறை பார்த்திருக்கிறாள். இருக்காது என்று சொல்ல வாய் திறந்தாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

ரோஜா நகரவில்லை. கீழே ஆட்கள் சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மின்விசிறி ஒரு முறை தயங்கி மறுபடி சுற்றியது.

வரலட்சுமி பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு," என்றாள். "எங்கன்னு காட்டு."