வெங்கடேஸ்வரியின் பாஸ்வேர்டு

ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போடவில்லை; குடலை உருவிவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க் எல்லாம் கழன்று போனது. பென் டிரைவ் செருக முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. வேலை முழுக்க மாடியில் இருக்கிற சர்வரில். மேசையில் இருப்பது வெறும் திரை. அவரவர் பேரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் திறக்கும். மூன்று தடவை தப்பாய் அடித்தால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் மேனேஜர் வைகுண்டராஜிடம் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

“ஏட்டி, இந்தச் சனியன் என் மண்டையில நிக்க மாட்டேங்கு,” என்று பரிபூரணம் முதல் நாளே கண் கலங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் அவளும் வெங்கடேஸ்வரியும். பரிபூரணம் மூத்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள். வெங்கடேஸ்வரிக்கு மனசு கேட்குமா?

“நான் குடோனுக்குப் போற நேரம் என் சீட்லயே உக்காந்து அடிங்கக்கா.”

அன்றிலிருந்து லாரி லோடு பதிவெல்லாம் அடிப்பது பரிபூரணம், பேர் வெங்கடேஸ்வரியுடையது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய லோடு நாக்பூருக்குப் போய்விட்டது. திரையில் அடுத்தடுத்து இருந்த ஊர்கள், பரிபூரணத்துக்குக் கை தவறிவிட்டது. ஆபரேஷனுக்குத் துணி இல்லையென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சாயங்காலம் போனில் கத்தினார்கள். மறுநாள் வேலைக்கு வந்ததும் வைகுண்டராஜ் எல்லாரையும் கூப்பிட்டார்.

“பதிவு வெங்கடேஸ்வரி பேர்ல இருக்கு. அடிச்சவுக இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

வெங்கடேஸ்வரி பதறவில்லை. பக்கத்தில்தானே அக்கா நிற்கிறாள், சொல்லிவிடுவாள். அக்கா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, அக்காவுக்கு பாஸ்வேர்டு நிக்காது. அதனால என் சீட்ல...”

“யாருக்கு நிக்காது?” என்றாள் பரிபூரணம். விறுவிறுவென்று தன் மேசைக்குப் போனாள். கீபோர்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் தடதடவென்று அடித்தாள். ஒரே தடவைதான். திரை திறந்துகொண்டது.

சிஸ்டம் பார்க்கிற பிரேம்குமார் எட்டிப் பார்த்தான். “அக்கா மொத நாள்லருந்தே இதுல வாராகளே அண்ணாச்சி. லீவு போடுதாக, சம்பளச் சீட்டு பாக்காக.”

அடிப்பாவி மகளே! வெங்கடேஸ்வரிக்கு இப்போதுதான் விளங்கியது. லீவுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, சம்பளத்துக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தப்பு வந்தால் தலை உருளுகிற வேலைக்கு மட்டும் மறந்திருக்கிறது! முதல் நாளே யோசித்து வைத்துத்தான் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். என்ன சொல்லி என்ன, மேனேஜர் கண்ணெதிரே திரை திறந்து கிடக்கிறது. வெங்கடேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பரிபூரணம் பின்னாலேயே ஓடி வந்தாள். “உன் வீட்டுக்காரரு மிலிட்டரில சம்பாதிக்காரு. எனக்கு இந்த வேலைய விட்டா யாருட்டி இருக்கா?”

வெங்கடேஸ்வரி நின்றாள்.

“இதைக் காலைல பஸ்ல வச்சு எங்கிட்டச் சொல்லிருந்தா, நான்தான் அடிச்சேன்னு நானே சொல்லிருப்பேனேக்கா.”