நத்தை வந்த வீடு

ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில் மிளகாவைப் பார்க்க வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அவள் எண்ணி வைத்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை கட்டுப் போட்டுக் கிடப்பவளுக்கு எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை? வந்தவர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்கு இதைவிட மோசமாக வெந்துபோன கதையை விலாவாரியாகச் சொன்னார்கள். வாங்கி வந்த பழத்தைத் தாங்களே உரித்துத் தின்றார்கள். எழுந்து போகும்போது, "எல்லாம் ஆண்டவன் பார்த்துக்குவான்" என்றார்கள். பழத்தோலை ஸ்டூல்மேலேயே விட்டுப் போனார்கள். அதையும் அவனே பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை போலும்.

மிளகா என்பது சலவை ஆலையில் அவளுக்கு வைத்த பெயர். ஊரிலிருக்கும் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். நீராவியில் இயங்கும் பெரிய இஸ்திரி மிஷினில் பத்தொன்பது வருடம் நின்றவள் அவள். வாய்த் துடுக்குக்காக அந்தப் பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. மிஷினின் மூடி இறங்கும்போது உள்ளே கை இருந்தால் நிறுத்துவதற்கென்று ஒரு காப்புக் கம்பி உண்டு. அது வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று மானேஜர் மெக்கானிக்கிடம் அதை ஒயரால் கட்டி வைக்கச் சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. மிளகா மூன்று தடவை அவர் அறைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தாள். நான்காம் தடவை கத்தப் போவதற்குள், ஒரு விரிப்பின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தபோது மூடி இறங்கிவிட்டது.

அவள் கணவன் இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கு அனுப்பிய அன்று கூட்டி வந்தது கொழுந்தன்தான். பிரார்த்தனைக் குழு ஒன்றுக்கு அவன் தலைவன். குரல் ஒன்றைத்தான் கடவுள் அவனுக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தார். அவன் 'ஆண்டவா' என்று இழுத்தால் எதிர்த்தெரு ஜன்னல்கள் அதிரும். காரிலிருந்து இறக்கி, கட்டிலில் உட்கார வைத்து, கண்ணை மூடி ஐந்து நிமிடம் முழங்கினான். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி மேஜைமேல் வைத்தான்.

"வேளாவேளைக்குத் தண்ணி குடிங்க அண்ணி. நாங்க எல்லாரும் உங்களுக்காக வேண்டிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிளகா டம்ளரைப் பார்த்தாள். தன் இரண்டு வெள்ளை மூட்டைகளையும் பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது அழுகையும் வந்தது. அந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு நத்தை வந்தாள்.

நத்தை கொழுந்தனுக்கு இளையவள், மிளகாவின் நாத்தனார். பஸ் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வாங்கி வைக்கும் கவுண்டரில் வேலை. நாலாயிரம் குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளும் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரியே ஆகிவிட்டாள் என்று மிளகா பல விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். நத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. எப்போதும் மூக்கை உறிஞ்சுவாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அந்தப் பெயரை வைத்ததே மிளகாதான்.

"நீ எதுக்குடி வந்தே?"

நத்தை யோசித்தாள். கையிலிருந்த துணிப் பையைக் கீழே வைத்தாள். "குளிக்க வைக்க ஆள் வேணுமில்ல, அண்ணி" என்றாள்.

மேஜைமேலிருந்த டம்ளரை எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

கவுண்டரில் கேட்டுப் பாதி நாள் வேலைக்கு மாறிக்கொண்டாள் நத்தை. காலையில் மிளகாவைக் குளிப்பாட்டி, தலை பின்னி, ஊட்டிவிட்டுப் போவாள். மதியம் வந்து மறுபடி ஊட்டுவாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் மிளகாவுக்குப் பசி வந்து, போய், மறுபடி வந்தது. ஊட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடி முணுமுணுவென்று ஏதோ வேண்டிக்கொள்வாள். மிளகாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கழிப்பறைக்குக்கூட இன்னொருத்தி கையை எதிர்பார்க்க வேண்டிய கேவலம் ஒரு பக்கம். அந்த இன்னொருத்தி இருபது வருடம் தான் கேலி செய்த நத்தையாக இருந்தது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒருநாள் வெடித்தது.

"யார்கிட்டடி முணுமுணுக்கிறே? மூடி இறங்கினப்போ எங்கடி போயிருந்தான் உன் ஆண்டவன்? டீ குடிக்கப் போயிருந்தானா?"

நத்தை கண்ணைத் திறந்தாள். கோபப்படவில்லை. அவளுக்குக் கோபப்படவும் நேரமாகும்.

"தெரியல அண்ணி. நானும் அதைத்தான் தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் பதில் வரல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "அதுக்குள்ள உங்களுக்குப் பசிக்குமே. வாயைத் திறங்க."

மிளகா வாயைத் திறந்தாள்.

மூன்றாம் வாரம் கொழுந்தனும் மானேஜரும் சேர்ந்து வந்தார்கள். மானேஜரும் அந்தப் பிரார்த்தனைக் குழுவில் ஒருத்தர் என்பது மிளகாவுக்கு அன்றுதான் தெரியும். தேன் குடத்தில் விழுந்து எழுந்தவர் மாதிரி பேசினார் மனிதர். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"விபத்து விசாரணைக்குச் சும்மா ஒரு நடைமுறைதாம்மா. ஒரு ரேகை வச்சிட்டா வேலை சுலபமா முடிஞ்சிடும்."

"கை இருக்கிற லட்சணத்துல ரேகையா?" என்றாள் மிளகா.

"அதுக்கென்னம்மா, கால் பெருவிரல் போதும்." மை டப்பாவைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தார். இந்த ஞானம் காப்புக் கம்பி விஷயத்தில் எங்கே போயிற்றோ!

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "எதிர்த்து நிக்காதீங்க அண்ணி. வேலை செய்யற இடத்தைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு யார் சோறு போடுவா? ஆண்டவன் கையில விட்டுருங்க."

மிளகாவுக்கு அலுத்துப் போயிருந்தது. வலியும் கூடுதல். என்னவோ செய்து தொலையட்டும் என்று காலை நீட்டப் போனாள். நத்தை நடுவில் வந்து தாளை வாங்கினாள். படிக்க ஆரம்பித்தாள். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, குடைக்கு ரசீது எழுதுகிறவளின் நிதானத்தோடு. மானேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது வரியில் நத்தை நின்றாள்.

"'காப்புக் கம்பியை என் சௌகரியத்துக்காக நானே கட்டி வைத்தேன்'னு போட்டிருக்கே. நீங்களாண்ணி கட்டினீங்க?"

"நான் ஏன்டி கட்டறேன்? இந்த ஆள்தான் மெக்கானிக்கைக் கட்டச் சொன்னது!"

நத்தை தாளை நாலாக மடித்து மானேஜர் கையிலேயே கொடுத்தாள். "அப்ப இது பொய்" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று கொழுந்தன் சீறினான். "ஆண்டவன்மேல பாரத்தைப் போடத் தெரியாதவங்கதான் இப்படி விதண்டாவாதம் பேசுவாங்க."

"போடலாம் அண்ணா. பொய்யைக் கட்டி அவர் தலையில போடக் கூடாதில்ல?"

மை டப்பா திறக்கப்படாமலே திரும்பிப் போனது.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "ஒரு வேலை இருக்கு அண்ணி" என்று நத்தை வெளியே போக ஆரம்பித்தாள். நாலு மணிக்கு வந்துவிடுவாள். என்ன வேலை என்று மிளகா கேட்கவில்லை. பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ!

மூன்றாம் நாள் நாலு மணிக்கு வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. கதவுக்கு உருண்டைக் குமிழ். அதைத் திருக விரல் வேண்டும். மிளகா முழங்கையால் தள்ளிப் பார்த்தாள். பல்லால் கடித்துத் திருகினாள். பல் வலித்ததுதான் மிச்சம். ஆறு மணிக்குப் பயம் பிடித்தது. கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது வந்து திறப்பார்கள். அதுவல்ல பயம். நத்தை வெறுத்துப் போய்விட்டாளோ? போயிருந்தால் யாரால் குற்றம் சொல்ல முடியும்? இல்லை, தெரு கடக்கிற அந்த நத்தை வேகத்தில் ஏதாவது வண்டி...

மிளகா கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். கடவுளிடம் பேசி எத்தனையோ வருடம் ஆயிற்று. எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"ஏய், இருக்கியா?" என்றாள். "உன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. கைக்குப் பதில் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கு, அது அப்புறம். இப்ப அவளை மட்டும் பத்திரமா அனுப்பு. அந்த இருபத்து மூணு பேரையும் வேணும்னா நீயே வச்சுக்க."

ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தது. நத்தை தனியாக வரவில்லை. பின்னால் ஆலையின் மெக்கானிக் நின்றான். இருக்கிற இடம் தெரியாத மனிதன். முதலாளி பக்கம் பார்த்தாலே வியர்த்துவிடும் அவனுக்கு.

"மூணு நாளா இவங்க ஆலை கேட்டுப் பக்கத்துல என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க" என்றான் அவன் மிளகாவிடம். "வாய் திறந்து ஒண்ணும் கேட்கல. முதல் நாள் பின் கேட்டு வழியா ஓடிட்டேன். இன்னிக்கு மூணு மணி நேரம் உள்ளேயே ஒளிஞ்சிருந்து பார்த்தேன். போகவே இல்ல. ஏம்மா நிக்கறீங்கன்னா, 'எனக்கு இங்க வேற யாரையும் தெரியாது, அதான்'ங்கறாங்க. இதுக்கு என்ன பதில் சொல்றது?" சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்றை எடுத்தான். கம்பியைக் கட்டச் சொன்ன தேதி, சொன்னவர் யார், தான் கூடாதென்று சொன்னது, எல்லாம் பென்சிலில் இருந்தன. "விசாரணைக்கு வந்து சொல்றேன்."

மிளகா நத்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியைக் காட்டிக்கொள்ளப் பழக்கமில்லாததால் நத்தையைத் திட்டினாள். "ஆறே முக்காலுக்கு வர்ற மூஞ்சியைப் பாரு! சொல்லிட்டுப் போனா நாக்கு தேஞ்சிடுமா?"

விசாரணை நடந்தது. மெக்கானிக் வியர்த்து வழிந்துகொண்டே வந்து சொன்னான். நியாயம் வென்றது என்று பெருமையடிக்க முடியாது. மானேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறையாம். ஆனால் தவறு ஆலையுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லா மிஷினிலும் கம்பியை அவிழ்த்து விட்டார்கள். மிளகாவின் வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. விரிப்புகளில் கறை பார்க்கும் பிரிவில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

கட்டு அவிழ்த்த வாரம் கொழுந்தன் வந்தான், முகமெல்லாம் பல்லாக. "பார்த்தீங்களா அண்ணி? எங்க பிரார்த்தனை வீண் போகல. அடுத்த கூட்டத்துல நீங்க வந்து நாலு வார்த்தை சாட்சி சொல்லணும்."

"சொல்றேனே. கால் பெருவிரல்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

கொழுந்தனின் பல் உள்ளே போனது. கூட்டம் எப்போது என்பதை அவன் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

அன்றைக்கே நத்தை தன் துணிப் பையை எடுத்து, அதில் புடவைகளை மடிப்பு மடிப்பாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "இனிமே நீங்களே பார்த்துக்குவீங்க. நான் கிளம்பறேன் அண்ணி."

"எங்க கிளம்பறே? அந்தப் புறாக்கூட்டு அறையில யார் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்காரப் போறே?"

நத்தை யோசித்தாள்.

"யோசிக்காதே. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு அறுபது வயசு ஆயிடும். நாளைக்கு லீவு போடு. உன் சாமானை எடுத்துட்டு வந்திடலாம்."

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். ஒரு இரும்புப் பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம். நத்தைக்கு மூன்றாவது மாடி. பெட்டியின் ஒரு பக்கத்தை மிளகா இடது கையால் பிடித்தாள். ஒவ்வொரு படியிலும் நத்தை நின்று மூச்சு வாங்கினாள். "இறங்குடி, இறங்கு, வாழ்க்கை முடிஞ்சிடும்" என்று மிளகா படிக்கு ஒரு தரம் வைதுகொண்டே, அவள் அடுத்த காலை வைக்கும் வரை பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.