ரொஸேர் வண்டியின் தொப்பி

எழுத்து வெட்டி ஒட்டுகிற தொழிலில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். கடை போர்டு, படகின் பெயர், பனி வாரும் வண்டி என்று இந்தக் கடற்கரையில் நான் கைவைக்காத பரப்பு கிடையாது. ஒரு தடவை சவப்பெட்டிக்குக்கூட எழுத்து ஒட்டியிருக்கிறேன். இன்றுவரை ஒரு புகார் வந்ததில்லை. அப்படிப்பட்டவளின் மானம், சொந்த அண்ணனின் மீன் வண்டியில் கப்பலேறியது.

அண்ணன் ரொஸேருக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. நடுக்கடலில் எந்தக் காற்றுக்கும் அசராத ஆள், கிஸ்லேன் எதிரே வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்பான். கிஸ்லேன் எங்கள் ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். புருஷனை இழந்து ஏழு வருஷம் ஆகிறது. ஊர் வாய்க்கு அவ்வளவு பயம் அவளுக்கு. யாரோ அனுப்பிய சாக்லேட் பெட்டியை, மூடியில் இதயம் போட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பியவள். மூன்று வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் வாசற்படியில் ஒரு மீனை வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தான் அண்ணன். காதல் சொல்ல வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வாரம் கிஸ்லேன் வீட்டைக் காலி செய்துவிட்டு ரிமூஸ்கி நகரத்தில் இருக்கும் தங்கையிடமே போய்விடப் போகிறாள். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவங்க வெளிய வரும்போது கேட்டுடறேன் சொலாஞ்ச்" என்றான். "வண்டி புதுசா இருக்கணும். கௌரவமா எழுத்து இருக்கணும். இல்லேன்னா எனக்குத் தைரியம் வராது."

அப்படித்தான் சனிக்கிழமை மத்தியானம் அந்த வெள்ளை வண்டி என் கொட்டகைக்குள் வந்து நின்றது. ஹீட்டரைப் போட்டுத் தகரத்தைச் சூடாக்கினேன். எழுத்து வெட்டுகிற பிளாஸ்டிக் தாளான வினைல், குளிர்ந்த தகரத்தில் ஒட்டாது, ஒட்டினாலும் ஒரு வாரத்தில் வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டுவிடும். ஸ்பிரிட் போட்டு மீன் பிசுக்கைத் துடைத்தேன். நான்கு தடவை துடைக்கவேண்டியிருந்தது.

எழுத வேண்டியது ஒரே வரி. 'இன்று காலை பிடித்த மீன்.' எங்கள் பிரெஞ்சில் 'பிடித்தது' என்பதற்கு 'பெஷே' என்போம். அதில் முதல் எ எழுத்தின் தலையில் ஒரு தொப்பி உண்டு, கூரை மாதிரி, இரண்டு பக்கமும் சரிந்து. அந்தத் தொப்பிக்குப் பதில் ஒற்றைச் சாய்கோடு போட்டால் 'பாவம்' என்று அர்த்தம். மற்ற எழுத்தெல்லாம் அச்சாக ஒன்றுதான். வேகமாகப் பேசினால் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

பிளாட்டர் மெஷின் வினைலில் எழுத்தைக் கீறிக் கொடுக்கும். எழுத்தை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் வேண்டாததை இடுக்கியால் உரித்தெடுக்கவேண்டும். அதைக் களை எடுப்பது என்போம். பொறுமையான வேலை. வாயை மூடிக்கொண்டு செய்யவேண்டிய வேலை. எனக்குத்தான் அது வராதே.

பக்கத்தில் நின்று அண்ணன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "மதிப்பிற்குரிய கிஸ்லேன் அவர்களுக்கு..."

"யோவ், கல்யாணம் கேக்கப் போறியா, பஞ்சாயத்துல மனு குடுக்கப் போறியா?" என்று கத்தினேன்.

"வேற எப்படி ஆரம்பிக்கறது?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லு! ரெண்டு வார்த்தை! அதுக்கு மூணு வருஷம், நூத்தைம்பது மீனு!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு களையைப் பிடுங்கி எறிந்தேன். அதில் எங்கேயோதான் நடந்திருக்கிறது. மெஷின் கத்தி மழுங்கி, தொப்பியின் உச்சியில் ஒரு கீறல் கூடுதலாக விழுந்திருந்தது. களையோடு சேர்ந்து தொப்பியின் வலது பாதி போய்விட்டது. இடது பாதி மட்டும் சமர்த்தாக எ எழுத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. மேலே ஒட்டுத்தாளைப் போட்டுத் தூக்கினேன், சோப்புத் தண்ணீர் தெளித்தேன், வண்டியில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தேய்த்தேன், தாளை மெதுவாக உரித்தேன். ஒரு குமிழி இல்லை. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னே வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் கடலுக்குப் போய்விட்டான். மூக்குக் கண்ணாடி போட மாட்டான். கிஸ்லேன் பார்த்தால் வயசு தெரியுமாம்.

நான் பூசைக்குப் போகிறவள் இல்லை. பத்தரை மணிக்குக் காபியும் கையுமாக உட்கார்ந்தபோது ஸ்வெட்டரின் முழங்கையில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. பிய்த்துப் பார்த்தேன். சின்னச் சரிவு. ஒரு தொப்பியின் வலது பாதி.

காபி மடியில் கொட்டியது. அப்படியானால் வண்டியில் இருப்பது...

"ஐயோ கடவுளே!" கம்பளி நூல் அப்பியிருந்த அந்தப் பாதி இனி எதிலும் ஒட்டாது. மெஷினில் புதுக் கத்தி போட்டு ஒரு தொப்பி வெட்டினேன். ஒன்றை நம்பாமல் பத்துத் தொப்பி வெட்டினேன். ரப்பர் பட்டை, முடி உலர்த்தி, நீளமான ஒயர், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, போட்டிருந்த பைஜாமாவோடு காரை விரட்டினேன்.

வண்டி கோயில் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. இரண்டு பக்கமும் எழுத்து ஒட்டியிருந்தேன். சரியாக இருந்த பக்கம் கடலைப் பார்த்திருந்தது. மற்றது கோயிலைப் பார்த்திருந்தது. பூசை முடிந்து வந்த ஜனம் படிக்கட்டில் நின்று வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது: 'மீன். இன்று காலைப் பாவம்.'

நடுவில் அண்ணன், ஒரு பெரிய ஹாலிபட் மீனைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, முகம் மலர நின்றான். கூட்டம் வண்டியின் எழுத்தழகில் மயங்கிவிட்டதாக நினைப்பு.

கராஜ் வைத்திருக்கும் டொனா, ஊர் வம்புக்கென்றே பிறந்தவர், ஆரம்பித்தார். "ஏம்ப்பா ரொஸேர், இதுல எழுதியிருக்கறது நெசந்தானா?"

"பின்ன? பொய்யா எழுதுவேன்? தெனம் காலையில நாலரைக்கு!"

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமைதான் ரொம்ப வசதி. ஊரே தூங்கும், யாரும் குறுக்க வர மாட்டாங்க."

கூட்டம் குலுங்கியது. நான் ஒயரை இழுத்துக்கொண்டு ஓடினேன், வழிவிட ஒருத்தரும் இல்லை.

"இந்த வயசுல முடியுதா உனக்கு?" என்றார் டொனா.

"முதுகு பிடிச்சுக்குது. ஆனா ஆசை விட மாட்டேங்குதே! அப்பாதான் கத்துக் குடுத்தாரு, பன்னெண்டு வயசுல."

"அண்ணே, வாயை மூடு!" என்று அலறினேன். அந்தச் சிரிப்பில் யாருக்குக் கேட்கும்?

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு, பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கிஸ்லேன் வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். மதிப்பிற்குரியதும் மற்றதும் எங்கே பறந்ததோ. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"இத்தன வருஷம் தனியாவே செஞ்சு அலுத்துப்போச்சுங்க. இனிமே கூட ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. நான் உங்களைத்தாங்க நெனச்சேன், கிஸ்லேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. கிஸ்லேன் முகம் வேகவைத்த சிங்கி இறால் நிறத்துக்கு வந்தது. அவள் பார்வை அண்ணனிடமிருந்து மீனுக்கும், மீனிலிருந்து வண்டிக்கும் போனது. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். போச்சு, மூன்று வருஷமும் போச்சு, என் கையாலேயே கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"சொலாஞ்ச்" என்றாள். "இது உன் வேலைதானே?"

"என் வேலைதான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடி போடல. நான் அவரைத் திட்டிக்கிட்டே களை எடுத்தேன், பாதித் தொப்பி பிஞ்சு போச்சு."

"சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம். கொஞ்சம் கரண்டு கெடச்சா."

வாசலில் நின்ற பாதர் அன்செல்ம் தொண்டையைக் கனைத்தார். "உள்ள பிளக் இருக்கும்மா. பாவத்தை எடுக்கக் கரண்டு கேட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

முடி உலர்த்தியின் சூட்டில் வினைல் இளகியது. சாய்கோட்டை நகத்தால் நெம்பி எடுத்தேன். துடைத்தேன். புதுத் தொப்பியை வைத்து அழுத்தினேன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இத்தனை கவனத்தோடு என் வேலையை யாரும் பார்த்ததில்லை.

கிஸ்லேன் கிட்டே வந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா மணியை அடிச்சுட்டு ஓடினீங்களே, நான் கதவைத் தொறக்கறதுக்குள்ள. ஒருநாளாவது நின்னிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். ஹாலிபட்டும் அதே மாதிரி செய்தது என்று டொனா இன்றும் சத்தியம் செய்கிறார்.

"அப்புறம் சொலாஞ்ச்," என்றாள் அவள், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "கல்யாணம் முடியற வரைக்கும் அந்தத் தொப்பி விழாமப் பாத்துக்கோ. அதுக்கப்புறம் விழுந்தா விழட்டும், யாருக்கு என்ன வந்தது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஸ்வெட்டர் கையால் துடைத்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

"எந்தத் தொப்பி? என்ன சொல்றாங்க?"

"சரின்னு சொல்றாங்க அண்ணே" என்றேன். "மொதல்ல அந்த மீனைக் கீழ வை. அவங்க கையை நீட்டிட்டு நிக்கறாங்க."