ஓடைக்கு யார் போவது

சிலமலையிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஆறு பெண்களில் சிவரஞ்சனியும் ஒருத்தி. கோடையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது, ஒருத்தி மட்டும் தனியே ஓடைக்கு இறங்கி மோட்டார் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அங்கே யானை வரும். யாரும் விரும்பிப் போவதில்லை என்பதால் ஜீப்பிலேயே குலுக்கல். துணிப்பையில் ஆறு வெள்ளைப் பட்டன்கள். ஒன்றில் மட்டும் சிவப்பு நகப்பாலிஷ். சிவப்பை எடுத்தவள் ஓடைக்குப் போவாள்.

பழைய சாயம் உரிந்துபோய், கங்காணி ஜக்கையன் பாலிஷைப் புதிதாகப் பூசிய வாரம் அது. ஆறு வேலை நாட்களில் நான்கு நாள் சிவரஞ்சனிக்கே சிவப்பு வந்தது. கடைசித் தடவை, ஓடையோரம் யானை லத்தி சூடு ஆறாமல் கிடந்தது. அன்றைக்கு அவள் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

அவள் தபாலில் பி.காம். படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை புள்ளியியல் புத்தகத்தில் சமவாய்ப்பு மாறிப் பாடத்தைத் திறந்ததும் பென்சிலை எடுத்தாள். வாரத்தில் தனக்குச் சிவப்பு வரும் நாட்கள்தான் மாறி. பூஜ்யத்திலிருந்து ஆறுவரை எதுவும் வரலாம். ஈருறுப்புப் பரவலின்படி, ஒரே நாள் வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. நான்கோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

லீவு விஷயத்தில் ஜக்கையனோடு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. அவன்தான் ஏதோ செய்கிறான்.

மறுநாள் ஜீப்பில் கேட்டே விட்டாள். "எனக்கே எப்பிடிண்ணே வந்துக்கிட்டிருக்கு? பையில என்னமோ வேல பண்றீக."

"பையக் கொண்டாறதோட என் சோலி முடிஞ்சது. சந்தேகம்னா இன்னைக்கு மொதல்ல நீயே எடு."

வழக்கமாக அவள் கடைசி மூலையில் உட்காருவாள். பை கடைசியாகத்தான் வரும். நேர்மையான குலுக்கலில் எத்தனையாவதாக எடுத்தாலும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதானே என்று அவளும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

பைக்குள் கைவிட்டாள். ஒரு பட்டன் மட்டும் புதுப் பாலிஷின் தடிப்போடு வழவழவென்று விரலில் தட்டுப்பட்டது. அதை விட்டு வேறொன்றை எடுத்தாள். வெள்ளை.

அதற்குப் பிறகு அவள் ஜக்கையனைப் பார்க்கவில்லை. பை போன கைகளைத்தான் பார்த்தாள். எல்லாக் கையும் உள்ளே கொஞ்சம் துழாவியது. தினமும் அவளோடு குழம்பைப் பங்கிட்டுக்கொள்ளும் ரோஜா, வெளியே வேடிக்கை பார்த்தபடியே துழாவினாள். கடைசியாகப் பை எதிர்மூலையில் இருந்த மொக்கம்மாளிடம் போனது. சிவப்பு.

தோட்டத்தில் இறங்கியதும் மொக்கம்மாள் ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"நில்லுங்கக்கா," என்றாள் சிவரஞ்சனி. "சிவப்பு கைக்கே தெரியுது. தெரிஞ்சுதான் நான் வேறொண்ண எடுத்தேன். எல்லாரும் அப்பிடி விட்டா கடைசி ஆளுக்குத்தான் அது மிஞ்சும். ரோஜா, ஒனக்கும் தெரியும்ல?"

ரோஜா தலைகுனிந்தாள். "புள்ளைய வச்சிருக்கேன், ரஞ்சனி. பயந்துட்டேன்."

சிவரஞ்சனி ஒரு தாளை ஆறு துண்டாகக் கிழித்து, ஒன்றில் மட்டும் புள்ளி வைத்து, ஆறையும் ஒரே மாதிரி மடித்துப் பையில் போட்டாள். ஆளுக்கொன்று எடுத்தார்கள். புள்ளி ரோஜாவுக்கு வந்தது.

ரோஜா நிமிர்ந்து பார்த்தாள். "மடிச்சது நீதான?"

ஆறில் ஒன்று யாருக்கும் வரும் என்று சொல்ல வாயெடுத்த சிவரஞ்சனி நிறுத்திக்கொண்டாள். போன வாரம் யாராவது தன்னிடம் அதைச் சொல்லியிருந்தால் தானும்தான் நம்பியிருக்க மாட்டாள். ஜக்கையனிடம் சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோஜாவோடு ஓடைக்கு இறங்கினாள். மோட்டாருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.