ஒரு வார் தைக்க எத்தனை நொடி

பை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலி காலியாகி மூன்று வாரம். அதில் யார் உட்காரப்போகிறார் என்பதைப் பற்றி முதலாளியைவிட அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது தொழிலாளிகள் குடியிருக்கும் பின்தெருதான். கறார் அக்காவுக்குத்தான் என்று பாதிப் பேர் அடித்துச் சொன்னார்கள். பதினொரு வருடம் தையல், ஆறு வருடம் லைன் சூப்பர்வைசர். நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே எந்த மெஷின் என்று சொல்லிவிடுவாள். மீதிப் பேர், "புருஷன் அதே லைன்ல பைக்கு வார் தைக்கிறார், பொண்டாட்டி மேனேஜரா? வீடு உருப்படுமா?" என்று கன்னத்தில் கைவைத்தார்கள். எல்லாம் அக்கறைதான், வேறென்ன.

முதலாளி ஒரு வேலை கொடுத்திருந்தார். "எந்த வேலைக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு உண்மையான கணக்கு கொண்டு வாங்கம்மா. அதை வெச்சுத்தான் புது டார்கெட். கணக்கு சரியா இருந்தா நாற்காலி உங்களுக்கு."

அவள் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்ததும் லைனுக்கே பக்கவாதம் வந்துவிட்டது. ஜிப் வைக்கும் பெண் நூல் கோக்கக் கண்ணாடியைத் தேடினாள். அவள் கண்ணாடி போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. லைனுக்கே மாமாவான அக்காவின் கணவர், தோளில் மாட்டும் வாரைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து, தடவி, திருப்பி, தைத்து முடித்தார். அறுபத்தெட்டு நொடி.

"என்ன மாமா, கை சுளுக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். லைன் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. மெஷினில் உட்கார்ந்த காலத்தில் இதே வித்தையைக் காட்டியவள்தானே அவளும்.

சாயங்காலம் சமையலறையில் அதே மாமாவின் கை வெங்காயத்தின் மேல் பறந்தது.

"என்னங்க, இந்தக் கைக்கா அறுபத்தெட்டு நொடி?"

"வெங்காயத்துக்கு டார்கெட் கிடையாதும்மா."

"உங்களுக்கு நாப்பது போதும். எனக்குத் தெரியும்."

கத்தி நின்றது. "எழுதிடுவியா? எழுதினா இருபத்தாறு பேரும் சாயங்காலம் முதுகு நிமிர மாட்டோம். எழுதலேன்னா நாற்காலி வேற யாருக்கோ. உன் இஷ்டம், நான் குறுக்க வரல."

குறுக்கே வராதவர் மீதி வெங்காயத்தை அறுபத்தெட்டு நொடி வேகத்தில் நறுக்கினார்.

மறுநாள் அவள் ஸ்டாப்வாட்சை மேஜைக்குள் போட்டுப் பூட்டினாள். "எத்தனை உருப்படி முடியுதுன்னு நாள் முழுக்க எண்ணப்போறேன். தெரிஞ்சே தைங்க," என்று லைனில் சொல்லிவிட்டே நின்றாள். பத்து நிமிடம் நடிக்கலாம். பொழுது முழுக்க நடிக்க யாரால் முடியும்? தேநீர் வருவதற்குள் கைகள் நடிப்பை மறந்துவிட்டன. நேரத்தை எண்ணிக்கையால் வகுத்தால், வாருக்குக் காலையில் நாற்பத்தொரு நொடி. மதியம் நாற்பத்தேழு. நான்கு மணிக்கு மேல் ஐம்பத்தெட்டு, அதிலும் தையல் கோணல்.

மூன்று நாள் எண்ணிவிட்டு முதலாளியிடம் போனாள்.

"வேலைக்கு ஒரு நம்பர் போதும்மா. இங்க மூணு இருக்கே?"

"காலைக் கணக்கை மட்டும் டார்கெட்டா வெச்சா, சாயங்காலம் தைக்கிற பை தோள்ல நிக்காது சார். அறுந்து நமக்கே திரும்பி வரும். வாருக்கு சராசரி நாப்பத்தொம்பது. அதுக்கு மேல நான் விரட்ட மாட்டேன். நீங்களும் விரட்டச் சொல்லக்கூடாது."

கடைசி வாக்கியம் அவளுக்கே புதிது.

"இப்ப டார்கெட் அறுபதுல ஓடுது. பதினொரு நொடியை ஒளிச்சு வெச்சிருந்தாங்களா?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். "நானும்தான் சார். ஆறு வருஷமா."

முதலாளி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். நாற்காலி போயிற்று என்றே அவள் நினைத்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து மேனேஜரோட கண்ணாடி ரூம்ல உக்காருங்க. அங்கேயும் ஒளிக்காதீங்க."

அவளே போய் லைனில் சொன்னாள். கைதட்டல் இல்லை. பதினொரு நொடியைப் பறிகொடுத்தவர்கள் கை எங்கே தட்டும்? "வாழ்த்துக்கள் மேடம்," என்றாள் ஜிப் வைக்கும் பெண். நேற்றுவரை அக்கா. சுருக்கென்றது.

கணவர் மட்டும் தலையைத் தூக்கினார். "நாப்பத்தொம்பதா?"

"ஆமாங்க."

"நீ நாப்பத்தஞ்சு எழுதுவேன்னு நினைச்சேன்," என்றவர் அடுத்த வாரை எடுத்துக்கொண்டார்.

அது பாராட்டா, புகாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நின்று கேட்கலாம்தான், ஆனால் கேட்டு முடிப்பதற்குள் ஒரு வார் குறைந்துவிடும்.