கேரியரில் கால்நடை டாக்டர்

அக்கா நகரத்தில் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பத்தொரு வயதில், நெரிசலான சாலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அலட்டாமல் போய் வருகிறவள். இரண்டு நாள் விடுப்பில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாள் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வெயில் எட்டிப் பார்த்ததும், மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் வேலை செய்கிற தம்பி கொட்டகையிலிருந்து இரண்டு சைக்கிள்களை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினான்.

"வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"எங்க பாத்தாலும் சேறா இருக்குமேடா."

"அதுக்குத்தானே போறோம்!"

அம்மா உள்ளிருந்து கத்துவதற்குள் இரண்டு பேரும் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தின் பின்சந்தில் முதல் குட்டை. தம்பி வேண்டுமென்றே அதன் நடுவில் விட்டான். அக்காவின் முகமெல்லாம் சேறு. "எருமை!" என்று திட்டிக்கொண்டே துரத்தினாள். சின்ன வயதில் இருவரும் வகுப்பிலிருந்து நழுவிய சுவர் ஓட்டையை யாரோ புதுச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"நமக்கப்புறம் வந்த ஏதோ ஒரு கூட்டம் மாட்டிக்கிச்சு போல," என்றான் தம்பி. அக்காவுக்குச் சிரிப்பில் ஹேண்டில் ஆடியது.

மர மில்லைக் கடந்தபோது ஈர மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தார்கள். மட்கார்டில் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றபோதெல்லாம், குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார்கள். பல வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்தவளுக்கு, காற்று நேராகக் கன்னத்தில் அடித்ததே தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

அப்படியே பல்லு மேட்டுக்கு வந்தார்கள். வாய்க்கால் கரைவரை செங்குத்தாக இறங்கும் மண்பாதை அது. தம்பி பதினொரு வயதில் அங்கே விழுந்து முன்பல்லில் பாதியை உடைத்துக்கொண்டதால் வந்த பெயர். அக்கா அதில் ஒருநாளும் சைக்கிளில் இறங்கியதில்லை. மற்றவர்கள் கூச்சலோடு பறக்க, இவள் மட்டும் உருட்டிக்கொண்டே நடந்து வருவாள்.

மேட்டின் உச்சியில் ஒரு ஜீப், பின்சக்கரம் பாதி புதைந்து சாய்ந்து நின்றது. பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்திருக்கும் கால்நடை டாக்டர். தம்பிக்குப் பார்த்த பழக்கம்.

"என்ன டாக்டர், மாட்டிக்கிட்டீங்களா?"

"கீழ வாய்க்கால் கரையில பால்காரரோட பசு. கன்னுக்குப் பின்னங்கால் முதல்ல வருதாம். சீக்கிரம் இழுக்கலேன்னா உள்ளயே மூச்சு முட்டிடும். நடந்து போனா அரை மணி நேரம் ஆயிடும்."

தம்பி தன் சைக்கிளைப் பார்த்தான். அதில் கேரியர் இல்லை. பிறகு அக்காவைப் பார்த்தான்.

"என்னடா பாக்குற?"

"உன்னுதுலதான் கேரியர் இருக்கு."

அக்கா மேட்டின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே பாதை பழுப்பாக மினுங்கியது. ஆனால் வாய் தானாகவே பேசிவிட்டது: "ஏறிக்குங்க டாக்டர்."

"நல்லா ஓட்டுவீங்கல்ல?"

"பஸ் ஓட்டுவேன்."

அது ஆறுதலா இல்லையா என்று யோசிக்கக்கூட டாக்டருக்கு நேரமில்லை. டாக்டரின் மருந்துப் பையைத் தம்பி நெஞ்சோடு மாட்டிக்கொண்டான். கேரியரில் டாக்டர் உட்கார்ந்ததும் பின்சக்கரம் சேற்றில் ஒரு விரல் ஆழம் அமுங்கியது.

"இறுக்கிப் பிடிச்சுக்குங்க. நான் எந்தப் பக்கம் சாய்றேனோ அந்தப் பக்கமே சாயுங்க."

முதல் பத்தடியில் சைக்கிள் பாம்பாக நெளிந்தது. கை பிரேக்கை அழுத்தத் துடித்தது. வழுக்குகிற சாலையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது என்பது அவள் தினமும் பார்ப்பதுதான். விட்டு விட்டுப் பிடித்தாள். பார்வையைத் தூரத்தில் வைத்தாள். சேறு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எழும்பியது. பின்னால் டாக்டர் "ஐயோ ஐயோ" என்றாள். தனக்கு முன்னால் யாரோ வீலென்று கத்துவது கேட்டது. கத்துவது தான்தான் என்பது அக்காவுக்குப் பாதி வழியில்தான் தெரிந்தது. பயத்தில் அல்ல, தாங்கமுடியாத குஷியில்.

கரையைத் தொட்டபோதும் வேகம் குறையவில்லை. அப்படியே வாய்க்கால் கரையோடு பறந்து, பால்காரரின் கொட்டகை வாசலில் ஒரு குட்டைக்குள் போய்த்தான் நின்றது. பின்னாலேயே சைக்கிளில் வந்த தம்பி அவர்கள்மேல் மோதி, பையோடு மல்லாந்தான்.

"பை நனையல!" என்று படுத்தபடியே பையைத் தூக்கிக் காட்டினான்.

டாக்டர் ஏற்கெனவே உள்ளே ஓடியிருந்தாள். கையைக் கழுவி, கன்றின் கால்களில் கயிற்றைக் கட்டினாள். "பசு முக்கும்போது மட்டும் இழுங்க. நான் சொன்னா நிறுத்தணும்." பால்காரரும் அக்காவும் தம்பியும் கயிற்றைப் பிடித்தார்கள். பசு முக்கியது. "இப்ப!" கால் வழுக்கியது, ஊன்றிக்கொண்டார்கள். "இன்னும் ஒரு தடவை, விடாதீங்க!" சரக்கென்று கன்று வெளியே வந்து வைக்கோலில் விழுந்தது.

அசைவில்லை. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பை நாசிக்குள் விட்டு ஆட்டினாள். கன்று ஒரு தும்மல் போட்டது. பிறகு தலையை உதறியது.

"கிடேரி, பொட்டக் கன்னு," என்றாள் டாக்டர். பால்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பசு திரும்பி நக்க ஆரம்பித்தது.

அக்காவும் தம்பியும் வீடு திரும்பியபோது அம்மா வாசலை மறித்து நின்றாள். "ஒரு அடி உள்ள வச்சீங்கன்னா பாருங்க! கழுத வயசாச்சு ரெண்டு பேருக்கும்."

தோட்டத்துக் குழாயடியில் நிறுத்திவைத்து, அம்மாவே பைப்பைப் பிடித்து இருவர்மேலும் தண்ணீர் அடித்தாள். தண்ணீர் வாயில் புகப் புக, அக்கா நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்று தும்மிய இடம் வந்தபோது அம்மாவின் கையிலிருந்த பைப் வேறெங்கோ திரும்பி, கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.