கேட்டுக்கு ஒரு பங்கு

மகாராணி துண்டை முகத்துல இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வீட்டுப் படியே இறங்குவா. கண்ணு ரெண்டு மட்டும் தெரியும். தெருவுல யாராச்சும் கேட்டா, மேல எஸ்டேட்டு ஆபீசுல கணக்குப் பாக்குறேன்னு சொல்லி வச்சிருந்தா. கணக்காவது மண்ணாவது! போடிமெட்டு ஏறிப்போற கூலி ஜீப்புல ஒடுங்கி உக்காந்து போயி, ஏலச்செடிக்கு அடியில பொழுதன்னிக்கும் குனிஞ்சு காய் எடுக்குற சோலி. தன் வீடு இருக்குற நகருக்குப் பின்னாடி குடிசைங்கள்ல இருந்து வர்ற பொம்பளைங்களோட சேந்து நகரைக் குறுக்க நடந்து, மெயின் ரோட்டுல ஜீப்பு ஏறுவா. புருஷன் யோகராஜுக்குத் தெரியும். தெரியாத மாதிரி திரும்பிப் படுத்துக்குவான்.

ஏலக்காய் விலை எகிறுன வருஷம் யாவாரத்துல நாலு காசு பாத்தவன் அவன். அந்தச் சூட்டோட லோன் போட்டு இந்த நகர்ல வீடு, வாசல்ல காரு. பெறகு விலை படுத்துருச்சு, இவங்க மட்டும் இறங்கலை. பெட்ரோல் போட வக்கில்லாம காரு கவர் போத்தி நிக்குது. ஞாயித்துக்கிழமை ஆனா அதைக் கழுவுறது மட்டும் நிக்கலை. வித்துத் தொலைங்கன்னா, "நாம மிடில் கிளாஸ்டி, நாலு பேரு சிரிப்பான்"ம்பான். அவனை மட்டும் சொல்லி என்ன? ரேஷன் அரிசிக்கு வரிசையில நிக்க இவளுக்கும்தான் உடம்பு கூசும்.

மக ரோஜா கல்யாணத்துக்குன்னு இருந்த ஒரே ஆரம் பேங்குல அடகுல கெடந்துச்சு. மாசக் கடைசிக்குள்ள வட்டியாவது கட்டலைன்னா ஏலத்துக்கு விட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் இந்த ஜீப்பும் துண்டும். வட்டிக்கான காசு உளுந்து டப்பாவுல சேந்துபோச்சு. திங்கக்கிழமை கட்டிரலாம்னு இருந்தா.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு சிவரஞ்சனி வீட்டுல நகர் மீட்டிங்கு. சிவரஞ்சனி புருஷன் கான்ட்ராக்டர். அவ கட்டுற சேலையைப் பாத்துத்தான் மகாராணி தன் சேலையை எடுப்பா.

"விடியக்காலம் கூலிக்குப் போற பொம்பளைங்க நம்ம நகருக்குள்ள நடக்குறாங்க," தலைவர் சார் ஆரம்பிச்சாரு. "ரோட்டு முனையில கேட்டுப் போட்டு வாச்மேன் வச்சிட்டா கண்டவங்க வரமாட்டாங்க. வீட்டுக்குப் பத்தாயிரம்."

மகாராணிக்கு உளுந்து டப்பாதான் நெனப்புக்கு வந்துச்சு. ஒருத்தராச்சும் முடியாதுன்னு சொன்னா நானும் சொல்லிருவேன்னு காத்திருந்தா. அப்ப சிவரஞ்சனி காபி டம்ளரை நீட்டுனா. விரல் நுனியெல்லாம் கருப்பு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சாலும் போகாத ஏலக்காய்க் கறை, மகாராணிக்குத் தெரியாதா?

அடிப்பாவி, நீயுமா!

சிவரஞ்சனியும் டம்ளரை வாங்குன கையைப் பாத்துட்டா. கண்ணும் கண்ணும் முட்டுச்சு. சொல்லுடி தாயி, உன்னால முடியாதுன்னு நீ சொல்லுன்னு மகாராணிக்கு மனசு கெடந்து அடிச்சுச்சு. சிவரஞ்சனி கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா.

"நாங்க தர்றோம் சார். பாதுகாப்பு முக்கியம்ல."

"நாங்களுந்தான்," மகாராணி வாய் முந்திக்கிருச்சு.

உளுந்து டப்பா காலியாச்சு. ஆரம் ஏலத்துல போச்சு. மதுரையில படிக்கிற ரோஜா போன்ல, "ஆரத்துக்கு வட்டி கட்டியாச்சாம்மா?"ன்னு கேட்டா. "ஆச்சுடி"ன்னா மகாராணி. சொல்லிட்டுக் குளியலறைக்குள்ள போயி வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

கேட்டுப் போட்டு முடிஞ்ச மறுநாள் விடியக்காலை. தேவாரம் ஊர்ல இருந்து வந்த புது வாச்மேன் டார்ச்சு அடிச்சான்.

"யாரும்மா அது? கூலிக்காரங்க இங்கிட்டு வரக்கூடாது. ஓடையைச் சுத்திப் போங்க."

துண்டை இறக்கி, எந்த வீடுன்னு சொன்னாப் போதும், மேடம்னு சொல்லிக் கேட்டைத் திறந்துவிடுவான். கை துண்டு வரைக்கும் போச்சு. பக்கத்துல முகத்தைக் கட்டிக்கிட்டு இன்னொருத்தி நின்னா. கருத்த விரலைப் பாத்ததுமே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அவ துண்டை இன்னும் இறுக்கிக்கிட்டா.

அங்கிட்டு ஜீப்பு ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மக ஆரத்தை முழுங்குன கேட்டை மகாராணி ஒருதரம் தொட்டுப் பாத்தா. பெறகு கையை எடுத்துட்டு வெரசா ஓடைப் பக்கம் நடந்தா. பின்னாலயே சிவரஞ்சனியும் வந்தா.